மலை முதல் கழிமுகம் வரை: பொருநைக் கரையில் ஒரு கல்விச் சுற்றுலா

(ஒன்றிய அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சுற்றுலாவைப் பயனுள்ளதாக நடத்துவது எப்படி என்று பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் சமூக அறிவியல் ஆசிரியை. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையோரத்து ஊர் ஒன்றில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். இந்தத் தலைப்பில் பேச எனக்குள்ள முதல் தகுதி, ஒரு கல்விச் சுற்றுலாவை முழுமையாகச் சொதப்பியவள் என்பதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பதாம் வகுப்பை இரண்டு நாள் சுற்றுலா அழைத்துச் சென்றேன். கன்னியாகுமரி, பத்மநாபபுரம் அரண்மனை, திருவனந்தபுரம். தலைக்கு 1,200 ரூபாய். வகுப்பில் 42 பேர். வந்தவர்கள் 31 பேர். வராத 11 பேரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவனுக்கு வயிற்றுவலி, ஒருத்திக்குச் சித்தி வீட்டில் சடங்கு. உண்மையான காரணம் எனக்குத் தெரியும். இங்கே அமர்ந்திருக்கும் உங்களுக்கும் தெரியும்.

திரும்பி வந்ததும் எல்லோரையும் கட்டுரை எழுதச் சொன்னேன். போய்வந்தவர்கள் சுற்றுலா பற்றியும், போகாதவர்கள் அந்த இரண்டு நாள் என்ன செய்தார்கள் என்றும் எழுத வேண்டும். 31 கட்டுரைகளிலும் பேருந்தில் போட்ட பாட்டு இருந்தது, யார் வாந்தி எடுத்தார்கள் என்பது இருந்தது, பரோட்டா இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனை நான்கே நான்கு பேருக்குத்தான் நினைவிருந்தது. போகாத ஒரு பையன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். இரண்டு நாளும் ஆற்றில் மீன் பிடித்தானாம். கெண்டை எங்கே நிற்கும், விரால் எங்கே ஒளியும், ஆரல் மீனை மணலுக்குள் எப்படித் தேட வேண்டும், அணைக்கட்டில் தண்ணீரைத் திருப்பிவிட்டால் எந்த நேரத்துக்கு ஊர்ப் படித்துறையில் தண்ணீர் குறையும் என்றெல்லாம் எழுதியிருந்தான். அந்த வகுப்பின் சிறந்த கட்டுரை அதுதான். மதிப்பெண் போட்டேன். நன்று என்று எழுதினேன். அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது 2023 டிசம்பர் வெள்ளம்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பகுதியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட, அதிலிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கிப் போட்டதை நாடே பார்த்தது. எங்கள் பள்ளி வகுப்பறைகளில் இடுப்பளவு தண்ணீர். வருகைப் பதிவேடு முதல் அறிவியல் ஆய்வகப் பொருள்கள் வரை எல்லாம் சேறு.

பள்ளி திறந்த முதல் நாள் பாடம் நடத்த மனம் வரவில்லை. பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, "நம்ம ஆத்தைப் படமா வரைங்க" என்றேன். எட்டாம் வகுப்பு. 38 பேர். ஏறக்குறைய எல்லோரும் ஒரே படத்தைத்தான் வரைந்திருந்தார்கள். நடுவில் ஒரு பாலம், பக்கத்தில் படித்துறை, இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். தாளின் இடப்பக்கம் ஆறு எங்கிருந்தோ வருகிறது. வலப்பக்கம் எங்கேயோ போகிறது. எங்கிருந்து என்று கேட்டேன். சிலர் "பாபநாசம்" என்றார்கள். போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்றேன். ஆறு பேர் கை தூக்கினார்கள். கடலில் எங்கே சேர்கிறது என்றேன். "திருச்செந்தூர்" என்றார்கள். தவறு. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலை அந்த 38 பேரில் ஒருவரும் பார்த்ததில்லை.

தோழர்களே, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு இது. பொதிகையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் சேரும் வரை தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே ஓடுகிறது. இதன் முழு நீளத்தையும் ஒரு பிள்ளை தன் பள்ளிப் பருவத்தில் பார்த்துவிட முடியும். பார்க்காமலே பத்தாம் வகுப்பு முடித்துப் போகிறார்கள். நானோ அவர்களைப் பணம் கட்டவைத்துத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனேன்.

அடுத்த கல்வியாண்டில், அதாவது 2024-25இல், ஒரு பெரிய சுற்றுலாவுக்குப் பதிலாக நான்கு சிறிய பயணங்கள் என்று முடிவு செய்தோம். தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம். துறையின் அனுமதி பெற்றோம். எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் அப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். அதே 38 பேர். ஒருவர்கூடப் பணத்துக்காக நின்றுவிடக் கூடாது என்பது முதல் விதி. அதனால் முடிந்த இடமெல்லாம் நகரப் பேருந்து, பாசஞ்சர் ரயில். கட்டுச்சோறு வீட்டிலிருந்து.

முதல் பயணம் ஜூன் மாதத்தில், அரை நாள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும் ஆதிச்சநல்லூரும்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் பழைய அரசர்கள் காலத்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. பிள்ளைகள் இந்த எட்டுப் பெயர்களையும் வாய்ப்பாடு போல் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். அணைக்கட்டின் இரு பக்கமும் வடகால், தென்கால் என்று பிரியும் வாய்க்கால்களைப் பார்த்ததும் ஒரு பையன், "இதுதான் எங்க வயலுக்கு வார தண்ணியா டீச்சர்?" என்றான். கார் சாகுபடி, பிசான சாகுபடி என்று வீட்டில் கேட்டுப் பழகிய சொற்களுக்கு அன்று இடம் கிடைத்தது.

ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழாய்வு செய்தார். 114 ஏக்கர் பரப்புள்ள அந்த மேட்டில், அகழ்ந்த குழிகளை அப்படியே விட்டு மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். தளத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் முதுமக்கள் தாழிகள். முதலில் கண்ணாடியில் கால் வைக்கவே பயந்தார்கள். பிறகு குப்புறப் படுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். இங்கே கிடைத்தவற்றில் ஒரு பகுதி பெர்லினிலும் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இருக்கிறது என்றதும், "நம்ம ஊர்ல கிடைச்சது நம்ம ஊர்லதானே இருக்கணும்?" என்று ஒருத்தி கேட்டாள். அன்று வகுப்பு முழுக்க அந்த ஒரு கேள்வியிலேயே போயிற்று. நல்ல விவாதம்.

இந்தப் பயணத்துக்கு 37 பேர் வந்தார்கள். ஒரு மாணவி வரவில்லை. வெள்ளத்தில் அவர்கள் வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது. இரண்டு ஆடுகள் போயின. புத்தகங்கள் போயின. இரவு முழுவதும் பக்கத்து வீட்டு மாடியில் நின்றிருக்கிறார்கள். நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டபோது அவள் அம்மா சொன்னார்: "டீச்சரம்மா, அவ ஆத்துப் பக்கமே தலவச்சுப் படுக்க மாட்டேங்கா. பேச்சியாத்தா கோயிலுக்குக் கூப்பிட்டாக்கூட வரமாட்டேங்கா. கட்டாயப்படுத்தாதிய."

கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அவளை விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. வகுப்பின் பின்சுவரில் மூன்று சார்ட் தாள்களை ஒட்டி, நீளமாக ஆற்றின் வரைபடம் ஒன்றைத் தொடங்கினோம். அந்த வரைபடத்துக்கு அவளைப் பொறுப்பாக்கினேன். போய்வந்தவர்கள் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அவள் கேட்டு வரைய வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

அது இப்படி வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அணைக்கட்டுல எத்தனை மதகு?" என்று கேட்டாள். யாரும் எண்ணவில்லை. "தென்கால் பெருசா, வடகால் பெருசா?" தெரியாது. "அப்ப என்னத்தப் பார்த்திய?" என்றாள். 37 பேரும் விழித்தார்கள். நானும்தான். அடுத்த பயணத்துக்கு முன் அவளே ஒரு கேள்விப் பட்டியல் எழுதிக் கொடுத்தாள். பயணத்துக்கு முன் கேள்வித்தாள் தயாரியுங்கள் என்று பயிற்சிகளில் நமக்குச் சொல்வார்கள். வராதவர்களைத் தயாரிக்கச் சொல்லுங்கள் என்று நான் கூடுதலாகச் சொல்வேன். போகாதவருக்குத்தான் எல்லாமே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பயணம் ஜூலையில், மலைக்கு. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் திருநெல்வேலி, அங்கிருந்து செங்கோட்டை ரயிலில் அம்பாசமுத்திரம், பிறகு பேருந்தில் பாபநாசம். வழியில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று நிலையங்களின் பெயர்களே ஒரு பாடம். பத்தமடைப் பாய் நெய்யும் கோரை இந்த ஆற்றங்கரையில் விளைந்தது. காருகுறிச்சி மண்பாண்டத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் பெயர்போன ஊர். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை எல்லோருக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே வயல் பச்சை, அதற்குப் பின்னால் மேகம் இறங்கிய மேற்குத் தொடர்ச்சி மலை. பிள்ளைகள் பாட்டுப் போடச் சொல்லவே இல்லை.

பாபநாசத்தில் மலை தொடங்குகிறது. அதற்கு மேல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988இல் அறிவிக்கப்பட்ட இதுதான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 1,800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அகத்தியர் மலையின் சோலைக்காடுகள் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவதால்தான் கோடையிலும் ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டாலும் பயன்பெறும் ஆறு இது. இங்கேயுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீர்விசையைக் கொண்டு ஒரு பஞ்சாலை ஓடத் தொடங்கியது. பின்னால் அதே மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுத்தார்கள். புவியியல், வரலாறு, இயற்பியல் மூன்றையும் ஒரே இடத்தில் நிற்கவைத்து நடத்தலாம். எங்கள் அறிவியல் ஆசிரியர் நடத்தினார்.

ஒரு முடிவை இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் அருவியில் குளிக்கவில்லை. பிள்ளைகள் கெஞ்சினார்கள். எனக்கும் ஆசைதான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைக் கொண்டுபோனதை மறக்க முடியுமா? நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலைக்கு மேலே மழை பெய்துகொண்டிருக்கும். தண்ணீரின் நிறம் கலங்கினால், இலையும் சருகும் சேர்ந்து வந்தால், இரைச்சல் மாறினால் உடனே கரையேற வேண்டும் என்று கோயில் படித்துறையில் நின்று சொல்லிக் கொடுத்தோம். குளித்திருந்தால்கூட அவ்வளவு நினைவிருந்திருக்காது. படித்துறையில் வேறொன்றையும் பார்த்தார்கள். பரிகாரம் என்று சொல்லி ஆற்றில் விட்டுப்போன பழைய துணிகள். ஒருவன் எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டான்.

மூன்றாவது பயணம் செப்டம்பரில், நகரத்துக்கு. இதற்கு அந்த மாணவி வந்தாள். "டவுனுக்குத்தானே டீச்சர், வாரேன்" என்றாள். ஆற்றைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

திருநெல்வேலியை அல்வாவுக்கும் ஜவுளிக்கும் வரும் ஊராகத்தான் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். நாங்கள் நெல்லையப்பர் கோயிலில் இசைத்தூண்களைப் பார்த்தோம். பாரதி படித்த இந்துக் கல்லூரிப் பள்ளியின் முன்பு நின்றோம். சந்திப்பில் ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழே நின்று, ரயில் பாதையின் மேல் பாலம், பாலத்தின் மேல் பாலம் என்று எண்ணினோம். கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஒரு நாள் முழுக்க அங்கேயே இருக்கலாம். அரை நாள் இருந்தோம்.

அங்கிருந்து சுலோசன முதலியார் பாலம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைக் கடக்கப் படகை நம்பியிருந்த காலத்தில், ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் பெரும் பொருள் தந்து கட்டுவித்த பாலம் அது. 1843இல் திறக்கப்பட்டது. இன்றும் பேருந்துகள் போகின்றன. ஓர் அரசு ஊழியர் தன் கைப்பொருளைப் போட்டார் என்று சொன்னபோது, அரசு ஊழியரான எனக்கே சற்றுக் கூச்சமாக இருந்தது.

பாலத்தின் நடைமேடையில் நின்று கீழே பார்த்தோம். ஒரு சாக்கடை ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. பச்சையும் கருப்புமாக. வரைபடத்தை மனத்தில் வைத்திருந்த அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். "டீச்சர், இதுக்குக் கீழதானே நம்ம ஊரு?" ஆமாம் என்றேன். "நாம குடிக்கிறதும் இதுதானா?" இதே ஆற்றுத் தண்ணீர்தான், சுத்திகரித்து வருகிறது என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "நாமளும் அப்ப நம்ம ஊருக்குக் கீழ இருக்கவங்களுக்கு இப்படித்தானே அனுப்புதோம்" என்றாள். குடிமையியல் பாடத்தில் கடமைகள் பற்றி நான் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்ததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். பாலத்தின் நடுவில் நிற்கிறோம், கீழே ஆறு ஓடுகிறது, அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

நான்காவது பயணம் பிப்ரவரியில், கடலுக்கு. வடகிழக்குப் பருவமழை முடியும்வரை காத்திருந்தோம். இதற்கு மட்டும் சிற்றுந்து ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். முன்னாள் மாணவர்களும் மேலாண்மைக் குழுவும் செலவை ஏற்றார்கள்.

கொற்கையில் தொடங்கினோம். பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பெயர்பெற்ற ஊர். இன்று போய் நின்றால் கடலே தெரியாது. குளமும் வயலும் பழைய வன்னி மரமும்தான். கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பிள்ளைகளுக்குப் பெரிய வியப்பு. "கடல் எப்படி டீச்சர் நகரும்?" பதில் அவர்கள் காலடியிலேயே இருந்தது. ஆறு ஆண்டுதோறும் கொண்டுவந்து போட்ட வண்டல். கொற்கை தூர்ந்தபோது துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல், இன்றைய பழையகாயல் பகுதிதான் என்பது அறிஞர் கால்டுவெல் செய்த முடிவு. பிறகு அதுவும் தூர்ந்தது. கடைசியில் துறைமுகம் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது. கொற்கை, காயல், தூத்துக்குடி என்று பாடநூலில் தனித்தனிப் பாடங்களில் வரும் மூன்று பெயர்களை ஒரே நாளில் ஒரு வண்டியில் கடந்தோம். மூன்றையும் இணைத்துக் கட்டியது ஆற்று மண்.

அந்த ஜனவரியில்தான் சிவகளையில் கிடைத்த இரும்பின் பழமை 5,300 ஆண்டுகளுக்கு முன் செல்கிறது என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருந்தது. சிவகளைப் பக்கத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் வண்டியில் ராஜா போல உட்கார்ந்திருந்தான்.

புன்னைக்காயலில் ஆறு கடலில் சேர்கிறது. 16ஆம் நூற்றாண்டில் இங்கே தங்கித் தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார்தான், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தந்தவர். இதைச் சொல்லிக்கொண்டே படகுத்துறைக்குப் போனோம். ஒரு பக்கம் அலையாத்தி மரங்கள், ஒரு பக்கம் படகுகள். ஆற்றுத் தண்ணீர் கடல் தண்ணீரைத் தொடும் இடத்தில் நிறம் மாறுவதைப் பிள்ளைகள் கையை நீட்டிக் காட்டினார்கள். அந்தப் பெண் குனிந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "உப்பு" என்றாள். பின்னால் பத்துப் பேர் அதையே செய்தார்கள்.

அங்கேதான் அவள் என்னைக் கேட்டாள். "டீச்சர், மலையில மழை பேஞ்சு, அணையைத் திறந்ததாலதான் வெள்ளம் வந்துச்சுன்னு வகுப்புல சொன்னீங்க. காயல்பட்டினம் இந்தாதானே இருக்கு? கடலோரம். மலை எவ்வளவு தூரம்! அங்கதானே ரொம்ப மழை பெய்ஞ்சதுன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு?"

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். ஊரில் எல்லோரும் சொன்னதை நானும் வகுப்பில் சொல்லியிருந்தேன். அந்த மழையளவைப் படித்திருந்தும் வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கவில்லை. அவள் பார்த்திருந்தாள். மலையிலும் பெய்தது, சமவெளியிலும் கடலோரத்திலும் வரலாறு காணாத அளவு பெய்தது, குளங்கள் உடைந்தன, எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் இந்த வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டியிருந்தது என்று அந்தத் துறையிலேயே நின்று திருத்திச் சொன்னேன். தவறாகச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். "அப்ப ஆறு மேல மட்டும் தப்பு இல்ல" என்றாள். அதற்குப் பிறகு தூத்துக்குடி வரை வழியெல்லாம் உப்பளங்கள். வெயிலில் வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்கள். எதிர்த்த பக்கத்து ஜன்னலில் அவள் தூங்கிவிட்டாள்.

இந்த நான்கு பயணங்களிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, இடங்களை ஒரு நூலில் கோத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஆறு. உங்களுக்கு ஒரு மலைப்பாதையாக, பழைய வணிகவழியாக, ரயில்பாதையாக இருக்கலாம். நூல் இருந்தால் பார்த்த ஓர் இடம் அடுத்த இடத்தை நினைவுபடுத்தும்.

இரண்டாவது, அருகில் தொடங்குங்கள். அரை நாள் பயணம் தொடக்கப் பள்ளிக்கும் இயலும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஊர்க் குளத்துக்கு அழைத்துப் போய், மதகையும் மறுகாலையும் காட்டுவதே முதல் படி. நாங்குநேரிப் பக்கத்து ஆசிரியர்களுக்குக் கூந்தன்குளம் இருக்கிறது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த குளம். வரித்தலை வாத்து இமயத்தைக் கடந்து அங்கே வருகிறது. கூழைக்கடாக்கள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவை மிரளக் கூடாது என்று ஊரார் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேசவிட்டாலே போதும்.

மூன்றாவது, பாதுகாப்பு. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு, முதலுதவிப் பெட்டி, ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுதல். நீர்நிலைகளில் யாரும் இறங்கக் கூடாது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்து பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் போய் முடிவெடுத்தால் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து மனம் இளகிவிடும்.

நான்காவது, மலைப்பகுதிக்கு வனத்துறையிடமும், அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு அங்குள்ள அலுவலர்களிடமும் முன்கூட்டியே பேசுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்றால் நின்று விளக்குபவர்கள் இருக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார்.

ஐந்தாவது, கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். வரைபடம் வரையச் சொல்லுங்கள். கட்டுரையை நோட்ஸ் பார்த்து எழுதிவிடுவார்கள். வரைபடத்தில் விட்டுப்போனது அவர்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள மறுபடியும் போகத் தோன்றும்.

எங்கள் வரைபடம் இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. ஓரங்கள் கிழிந்துவிட்டன. எட்டு அணைக்கட்டுகளும் ஊர்களும் பாலங்களும் சாக்கடை கலந்த இடமும்கூட அதில் உண்டு. அந்த மாணவி கடைசியாக ஒரு சிறிய வீட்டை வரைந்து தன் பெயரை எழுதினாள். பிறகு தலைமையாசிரியரிடம் போய் ஓர் அனுமதி கேட்டாள். வெள்ளம் வந்தபோது பள்ளிச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு போட வேண்டுமாம். புதுச் சுண்ணாம்பு அடித்ததில் பழைய கறை மறைந்திருந்தது. எந்த உயரம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நீலப் பெயின்டில் அவளே கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினாள்: 18.12.2023.

இப்போது ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று தங்கள் உயரத்தைப் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு மார்புக்கு மேல் வருகிறது. என்ன கோடு இது என்று கேட்கிறார்கள். அவர்களை முதலில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு அழைத்துப் போகிறோம்.